அறிவியல் புனைகதைப் படம் என்றாலே பிள்ளைகளுக்குத்தானா? ஐம்பதைக் கடந்தவர்களுக்கு எதைத் திரையிடலாம்?

மாலைக்காட்சி (கேள்வி)

எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் சார்பில் மாதந்தோறும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை சமுதாயக் கூடத்தில் ஒரு படத்தைத் திரையிட்டு, முடிந்ததும் தேநீரோடு அதைப் பற்றிப் பேசுவது வழக்கம். வருபவர்களில் பெரும்பாலோர் ஐம்பது வயதைக் கடந்தவர்கள். வங்கியிலும் பள்ளிக்கூடத்திலும் மின்வாரியத்திலும் பணியாற்றி ஓய்வு பெற்றவர்கள், அவர்களுடைய துணைவியர், ஊரிலிருந்து வந்து பிள்ளைகளோடு தங்கியிருக்கும் பெற்றோர் என்று கூட்டம் கலவையாக இருக்கும். குடும்பக் கதையோ நீதிமன்றக் கதையோ துப்பறியும் கதையோ, எதைப் போட்டாலும் கடைசி வரை அமர்ந்து பார்ப்பவர்கள் இவர்கள். ஆங்கிலப் படம் என்பதற்காக யாரும் பாதியில் எழுந்து போனதில்லை.

அடுத்த திரையிடலுக்கு ஜேம்ஸ் கேமரூன் இயக்கி 2009-இல் வெளிவந்த 'அவதார்' படத்தை நான் முன்மொழிந்தேன். செயற்குழுவினர் பலரும் உடனே மறுத்துவிட்டார்கள். நீல நிறத்தில் வாலோடு ஓடுகிற உருவங்களை இரண்டே முக்கால் மணி நேரம் பார்க்கத் தங்களுக்குப் பொறுமை கிடையாது என்றும், வேண்டுமானால் கோடை விடுமுறையில் பேரப்பிள்ளைகளுக்குத் தனியாகப் போட்டுக்கொள்ளலாம் என்றும் சொல்லிவிட்டார்கள். உலகிலேயே அதிக வசூல் ஈட்டிய படம் இதுதான் என்று நான் எடுத்துச் சொன்னபோது, அந்தப் பணமெல்லாம் பதின்பருவத்துப் பிள்ளைகள் திரும்பத் திரும்பப் பார்த்ததால் வந்தது என்று பதில் வந்தது.

ஆகவே இங்கே கேட்கிறேன். காட்சிப் பிரம்மாண்டத்தையே முதலாக வைத்து எடுக்கப்படும் அறிவியல் புனைகதைப் படங்கள், அந்த வகையின் மீது தனிப்பற்று இல்லாத, காமிக்ஸும் வீடியோ கேமும் தெரியாத சாதாரணப் பெரியவர்களை உண்மையிலேயே ஈர்க்கின்றனவா? அல்லது ஊரே பேசுகிறதே என்று வந்து பார்த்துவிட்டுப் போகிறார்களா? ஆம் என்றோ இல்லை என்றோ மட்டும் சொல்லாமல், படங்களைக் காட்டிக் காரணத்தோடு எழுதினால் செயற்குழுவின் முன் வைக்க எனக்கு உதவியாக இருக்கும்.

எழுபது எம்எம்

வசூலை வைத்து வாதிடுவதென்றால் மொத்தத் தொகையைக் காட்டாதீர்கள். மொத்தத் தொகையில் யார் வந்தார்கள் என்பது தெரியாது. வாரத்துக்கு வாரம் அது எப்படி இறங்கியது என்பதைக் காட்டுங்கள்; அதில்தான் பெரியவர்கள் தென்படுவார்கள்.

ஒரு படத்தின் முதல் வார இறுதி அந்தப் படத்துக்காகக் காத்திருந்தவர்களுடையது. முன்பதிவு செய்பவர்கள், முன்னோட்டத்தைப் பார்த்துவிட்டு நாள் எண்ணிக்கொண்டிருந்தவர்கள், அடுத்த நாள் வகுப்பில் கதை சொல்ல வேண்டியவர்கள் எல்லோரும் அப்போதே வந்துவிடுவார்கள். நீங்கள் சொல்கிற சாதாரணப் பெரியவர் அப்படி வருபவர் அல்லர். அலுவலகத்தில் ஒருவர் சொல்லி, சம்பந்தி வீட்டில் ஒருவர் சொல்லி, வீட்டில் பேச்சு வந்து, கூட்டம் குறைந்தபின் போகலாம் என்று மூன்றாம் வாரமோ நான்காம் வாரமோ கிளம்புபவர். ரசிகர்களை மட்டும் நம்பி எடுக்கப்படும் பெரிய படங்கள் இரண்டாவது வார இறுதியில் பாதி வசூலைப் பறிகொடுப்பது சாதாரணமாக நடப்பது.

'அவதார்' வட அமெரிக்காவில் 2009 டிசம்பர் 18 அன்று வெளியானது. முதல் வார இறுதியில் ஏறத்தாழ 7.7 கோடி டாலர் வந்தது. நல்ல தொகைதான், ஆனால் அந்தக் காலத்துக்கே அது சாதனை அன்று. இரண்டாவது வார இறுதியில் ஏறத்தாழ 7.5 கோடி. அதாவது இறக்கமே இல்லை என்று சொல்லலாம். மூன்றாவதில் 6.8 கோடி. தொடர்ந்து ஏழு வார இறுதிகள் அந்தப் படம் முதலிடத்தில் இருந்தது. நேர்மையாகச் சொல்ல வேண்டுமென்றால் இரண்டு விஷயங்களைக் கழித்துப் பார்க்க வேண்டும்: முதல் வார இறுதியில் அமெரிக்காவின் கிழக்குக் கடற்கரையில் கடும் பனிப்புயல் அடித்தது, இரண்டாவது வார இறுதி கிறிஸ்துமஸ் விடுமுறையில் விழுந்தது. ஆனால் ஜனவரியில் பள்ளிகள் திறந்துவிட்டன. அப்போதும் அரங்குகள் நிறைந்தன என்றால், பிள்ளைகள் மட்டுமே திரும்பத் திரும்பப் பார்த்தார்கள் என்று விளக்கம் சொல்ல முடியாது. ஜனவரி இறுதிக்குள் அதே இயக்குநரின் 'டைட்டானிக்' படத்தின் உலக வசூலை அது தாண்டிவிட்டது.

இந்தக் கணக்கை உங்கள் செயற்குழு வேறு வழியில் மடக்கக்கூடும் என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். 3டி டிக்கெட் வழக்கமான டிக்கெட்டைவிட விலை அதிகம். ஆகவே டாலர் கணக்கு தலைக் கணக்கு ஆகாது. பணவீக்கத்தைச் சரிசெய்து பார்த்தால் வட அமெரிக்காவில் இன்றும் முன்னே நிற்பது 1939-ஆம் ஆண்டின் 'கான் வித் தி விண்ட்' படம்தான். அப்படியிருந்தும், வாரங்கள் கடந்து தாங்கி நின்ற அந்த ஓட்டத்தை விலை வித்தியாசத்தால் விளக்க முடியாது, ஏனென்றால் முதல் வாரத்திலும் அதே விலைதான்.

பின்வரிசை

எழுபது எம்எம் அவர்களின் கணக்கில் எனக்குக் குறை ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அது வந்தவர்களின் கணக்கு. கேள்வி கேட்டவர் கேட்பது பிடித்ததா என்பது. ஊருக்குப் பொருட்காட்சி வந்தால் ராட்டினத்தில் ஏறாத பெரியவர்களும் வேடிக்கை பார்க்கப் போகத்தான் செய்கிறார்கள். அதை வைத்து அவர்களுக்கு ராட்டினம் பிடிக்கும் என்று யாரும் சொல்வதில்லை. 2009-இல் 'அவதார்' அப்படியொரு வேடிக்கையாக இருந்தது. புதிய கேமராவில் புதிய விதமான 3டியில் எடுத்திருக்கிறார்களாம், கண்ணாடி போட்டுக்கொண்டு பார்க்க வேண்டுமாம் என்ற பேச்சுத்தான் அழைத்து வந்ததே ஒழிய, கதை அழைத்து வரவில்லை.

கதையைச் சற்றுப் பாருங்கள். கனிமத்துக்காக ஒரு நிறுவனம் காட்டை அழிக்க வருகிறது. அந்த நிறுவனத்தின் ஆளாக உள்ளே நுழைந்த ஒருவன், தலைவரின் மகளைக் காதலித்து, காட்டு மக்களின் பக்கம் சேர்ந்து, தன் கூட்டத்தையே எதிர்த்துப் போரிடுகிறான். ஒரு கிலோ இரண்டு கோடி டாலர் விலை போகும் அந்தக் கனிமத்தை மேலதிகாரி மேசைமேல் மிதக்கவிட்டுக் காட்டும்போதே, எந்த மரம் விழப்போகிறது, யார் சாகப்போகிறார்கள், யார் எந்தப் பக்கம் போகப்போகிறார் என்று நாற்பது ஆண்டுகள் படம் பார்த்த எவருக்கும் தெரிந்துவிடும். ஆஸ்கர் விருதுக்கு ஒன்பது பிரிவுகளில் பரிந்துரைக்கப்பட்ட படம் இது. அந்த ஒன்பதில் திரைக்கதையும் இல்லை, நடிப்பும் இல்லை. வென்ற மூன்றும் ஒளிப்பதிவு, கலை இயக்கம், காட்சி விளைவுகள். சிறந்த படத்துக்கான விருது, வெடிகுண்டு அகற்றும் படைவீரர்களைப் பற்றிச் சிறு செலவில் எடுக்கப்பட்ட 'தி ஹர்ட் லாக்கர்' படத்துக்குப் போனது. வாக்களித்தவர்கள் பெரியவர்கள்தானே.

காட்சிப் பிரம்மாண்டம் மட்டும் பெரியவர்களைப் பிடித்து வைக்காது என்பதற்கு 1968-ஆம் ஆண்டே சாட்சி. ஸ்டான்லி குப்ரிக்கின் '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' வெளியானபோது அதுவரை திரை காணாத காட்சிகள் அதில் இருந்தன, இன்றைக்குப் பார்த்தாலும் அந்த விண்கலங்கள் பழையவையாகத் தெரிவதில்லை. ஆனால் முதல் இருபத்தைந்து நிமிடம் ஒரு வசனம்கூட இல்லை. முதல் திரையிடல்களுக்கு வந்த பிரமுகர்களில் பலர் எழுந்து போனார்கள்; அதன்பின் குப்ரிக் தாமே ஏறத்தாழ 19 நிமிடங்களை வெட்டினார். படத்தைக் காப்பாற்றியவர்கள் முன்வரிசையை நிறைத்த இளைஞர்கள். பிற்பாடு விளம்பரமே அவர்களை நோக்கித் திரும்பியது.

நம் ஊரில் 'எந்திரன்' படத்துக்குப் பாட்டிகள்கூட வந்தார்களே என்று யாராவது தொடங்குவதற்கு முன் ஒன்று சொல்லிவிடுகிறேன்: அவர்கள் இயந்திர மனிதனைப் பார்க்க வரவில்லை, ரஜினிகாந்தைப் பார்க்க வந்தார்கள். அந்த உதாரணம் இந்த விவாதத்துக்குப் பயன்படாது.

எழுபது எம்எம்

பொருட்காட்சி என்றால் ஒருமுறைதான் கூட்டம் வரும். பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 3டி மோகம் வடிந்து போன பின், 2022 டிசம்பரில் அதே கதையின் இரண்டாம் பாகம் மூன்று மணி பன்னிரண்டு நிமிட நீளத்தில் வந்து உலக அளவில் 230 கோடி டாலருக்குமேல் ஈட்டியது. வேடிக்கை முடிந்த பிறகும் வந்த கூட்டத்தைப் பின்வரிசை ஐயா எந்தக் கணக்கில் எழுதுவார்?

வெட்டும் ஒட்டும்

நான் ஒரு கல்லூரியில் காட்சித் தொடர்பியல் துறையில் படத்தொகுப்பு கற்பிக்கிறேன். இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் இருவருமே, காட்சி ஒருபுறம், கதை மறுபுறம் என்று தராசில் வைக்கிறீர்கள். சாதாரணப் பெரியவர் ஒருவர் படத்தில் ஒன்றுவதும் விலகுவதும் வேறோர் இடத்தில் தீர்மானமாகிறது என்று நினைக்கிறேன். இந்த உலகத்துக்குள் நுழைவதற்கு என்னிடம் எவ்வளவு முன்பாடம் கேட்கிறீர்கள் என்பதே அவருடைய கேள்வி. எத்தனை புதிய பெயர்கள், எத்தனை குலங்கள், எத்தனை விதிகள், இதற்கு முன் வந்த எந்தப் படத்தை நான் பார்த்திருக்க வேண்டும் என்பதை முதல் அரைமணி நேரத்துக்குள் அவர் கணக்குப் பார்த்துவிடுகிறார். பதினைந்து வயதுப் பையன் அந்த முன்பாடத்தை விளையாட்டாக எடுத்துக்கொள்வான், அடுத்த நாள் இணையத்தில் தேடியும் படிப்பான். பகலெல்லாம் கணக்கெழுதியோ சமைத்தோ களைத்து வந்து அமர்பவர் அப்படிச் செய்ய மாட்டார். செய்ய வேண்டிய கடமையும் அவருக்கு இல்லை.

1984-இல் டேவிட் லிஞ்ச் இயக்கிய 'டியூன்' வெளியானபோது, படத்தில் வரும் சொற்களுக்கு அருஞ்சொற்பொருள் அச்சடித்த தாள்களைப் பல அரங்குகளில் பார்வையாளர்களுக்குக் கையில் கொடுத்தார்கள். விளக்கு அணைந்த அரங்கில் அந்தத் தாளை எப்படிப் படிப்பது என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. ஏறத்தாழ 4 கோடி டாலர் செலவான அந்தப் படம் வட அமெரிக்காவில் அந்தத் தொகையைக்கூட மீட்கவில்லை. பிரம்மாண்டத்துக்கு அதில் குறைவே கிடையாது. மணற்புழுவும் அரண்மனைகளும் இருந்தன. வாசலிலேயே தேர்வு வைத்துவிட்டதுதான் பிழை.

இன்னும் தெளிவான உதாரணம் 2012-ஆம் ஆண்டின் 'ஜான் கார்ட்டர்'. இதை 'அவதார்' படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பாடம் நன்றாக விளங்கும், ஏனென்றால் இரண்டிலும் நாயகன் வேறோர் உலகத்துக்குப் போய் அங்குள்ள இளவரசியைக் காதலித்து அங்குள்ளவர்களுக்காகப் போரிடும் முன்னாள் படைவீரன். இரண்டுக்கும் செலவு 20 கோடி டாலருக்குமேல். 'ஜான் கார்ட்டர்' செவ்வாய்க் கிரகத்தில் பறக்கும் கப்பல்களின் சண்டையோடு தொடங்கி, சொடாங்கா, ஹீலியம் என்று நகரங்களின் பெயர்களை ஒரு குரல் அடுக்க, கூடவே அவற்றுக்குப் பின்னால் இயங்கும் மர்ம ஆசாமிகளையும் காட்டிவிடுகிறது. பிறகு 1881-ஆம் ஆண்டின் நியூயார்க்கில் மறுபடி தொடங்குகிறது. அங்கிருந்து பின்னோக்கிப் போய் 1868-இல் அரிசோனாவில் மூன்றாம் முறை தொடங்குகிறது. நாயகன் செவ்வாயில் கால் வைப்பதற்கு முன்பே பார்வையாளருக்கு அவனைவிட அதிகம் தெரிந்திருக்கிறது; ஆனால் தெரிந்த எதுவும் மனத்தில் ஒட்டவில்லை. டிஸ்னி நிறுவனம் அந்தப் படத்தால் ஏறத்தாழ 20 கோடி டாலர் இழப்பு என்று அறிவித்தது.

'அவதார்' என்ன செய்தது? கதை நடக்கும் பண்டோரா என்ற துணைக்கோளுக்குப் போகப் பல ஆண்டுகள் பயிற்சி பெற்றவர் நாயகனின் இரட்டைச் சகோதரர். அவர் ஓர் அறிவியலாளர், மொழியெல்லாம் படித்தவர். அவர் இறந்துபோகிறார். மரபணு பொருந்துகிறது என்ற ஒரே காரணத்துக்காக, எதுவும் தெரியாத தம்பி அனுப்பப்படுகிறான். திரைக்கதையில் புதுமை இல்லை என்று பின்வரிசை ஐயா சொல்வது சரியே. ஆனால் இந்த ஒரு ஏற்பாட்டைப் பாராட்டாமல் இருக்க என்னால் முடியவில்லை. பார்வையாளருக்குத் தெரியாத எதுவும் நாயகனுக்கும் தெரியாது. விண்கலம் இறங்கும்போது படைவீரர்களுக்குச் சொல்லப்படும் முதல் விதி, முகமூடி கழன்றால் 20 நொடியில் மயக்கம், நான்கு நிமிடத்தில் மரணம் என்பது. அவ்வளவுதான் முன்பாடம். ஒரே வாக்கியத்தில் முடிந்துவிடுகிறது, கடைசிச் சண்டையில் அதுவே பயன்படுகிறது.

பிறகு அந்தக் காட்சி வருகிறது. இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் சக்கர நாற்காலியில் இருப்பவன், நீல உடலில் முதல்முறையாகக் கண் விழிக்கிறான். மருத்துவர்கள் படுக்கச் சொல்லியும் கேட்காமல் எழுந்து, வாலால் கருவிகளைத் தட்டிவிட்டு, வெளியே ஓடி, தோட்டத்து மண்ணில் நின்று கால்விரல்களைப் புதைத்து அழுத்திப் பார்க்கிறான். கேமரா அந்த விரல்களை அருகில் காட்டுகிறது. முழங்கால் வலியோடு மாடிப்படி ஏறும் வயதில் இருக்கும் ஒருவருக்கு இந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை. பத்தடி உயர நீல உருவம் என்பது அந்த நொடியில் மறைந்து, மீண்டும் நடக்கக் கிடைத்த மனிதன் மட்டும் தெரிகிறான். அதன்பின் இரவுக் காட்டில் அவன் அடி வைக்குமிடமெல்லாம் பாசி ஒளிர்வதைக் காட்டும்போது, பார்ப்பவர் அவனுடைய கண்ணால் வியக்கிறார். பிரம்மாண்டம் பெரியவர்களிடம் எடுபடுவது இப்படித்தான் என்று எண்ணுகிறேன். முதலில் அவர்களுக்குத் தெரிந்த ஓர் ஆசையையோ அச்சத்தையோ தொட்டுவிட்டு, அதன் வழியாகவே புதிய உலகத்தைக் காட்ட வேண்டும்.

இதே அளவுகோலை வைத்துப் பார்த்தால் வேறு சில படங்களின் விதியும் புரிகிறது. 2017-இன் 'பிளேடு ரன்னர் 2049' என் கண்ணுக்கு இந்த நூற்றாண்டின் மிக அழகான படங்களில் ஒன்று. பதின்மூன்று முறை பரிந்துரைக்கப்பட்டும் வெல்லாத ஒளிப்பதிவாளர் ரோஜர் டீக்கின்ஸ் அதற்குத்தான் முதல் ஆஸ்கர் பெற்றார். பேசும் பொருளும் பெரியவர்களுக்கானது. ஆனால் 1982-ஆம் ஆண்டுப் படத்தைப் பார்த்து நினைவில் வைத்திருப்பவர்களோடு அது உரையாடுகிறது. அந்த முதல் படமே அதன் காலத்தில் ஓடாத படம். 15 கோடி டாலருக்குமேல் செலவழித்து எடுத்த 2017-ஆம் ஆண்டுப் படம், அரங்குகளின் பங்கையும் விளம்பரச் செலவையும் கழித்தபின் தயாரிப்பாளர்களுக்கு மகிழ்ச்சி தரவில்லை. அதற்கு நேர் எதிர் அல்ஃபோன்சோ குவாரோனின் 'கிராவிட்டி' (2013). 91 நிமிடங்கள். புதிதாகக் கற்பிக்கப்பட்ட பெயர் ஒன்றுகூட இல்லை. நாயகி சாண்ட்ரா புல்லக்கிற்கு அப்போது 49 வயது. மகளைப் பறிகொடுத்த ஒரு பெண், விண்வெளியில் தனித்துவிடப்பட்டு, வாழ்வதா விட்டுவிடுவதா என்று தவிக்கிறாள். அமெரிக்காவில் அதன் முதல் வார இறுதிக்கு வந்தவர்களில் பாதிக்குமேல் முப்பத்தைந்து வயதைத் தாண்டியவர்கள். பெரியவர்கள் முதல் வாரத்திலேயே வரும் அறிவியல் படம் அபூர்வம். இயக்கம் உட்பட ஏழு ஆஸ்கர் விருதுகள் கிடைத்தன.

'2001' பற்றி ஒரு வார்த்தை. அது முன்பாடம் கேட்கவில்லை. ஆனால் ஒட்டிக்கொள்ள ஒரு மனிதரையும் தரவில்லை. அந்தப் படத்தில் உயிருக்காகக் கெஞ்சுவது ஒரு கணினிதான், மனிதர்கள் அல்லர். பின்வரிசை ஐயா அதை எடுத்துக்காட்டியது என் வாதத்துக்கும் உதவுகிறது.

பின்வரிசை

நன்றாக எழுதியிருக்கிறீர்கள். கால்விரல் காட்சியை நான் மறுக்கவில்லை. ஆனால் உங்கள் அளவுகோல் நுழைவாயிலைத்தான் அளக்கிறது. நுழைந்தபின் இரண்டரை மணி நேரம் இருக்கிறதே? 'அவதார்' படத்தின் கடைசி அரைமணி நேரம் இடைவிடாத சண்டை. ஹெலிகாப்டர்கள், இயந்திர உடைகள், பறக்கும் விலங்குகள் எல்லாம் ஒன்றோடொன்று மோதும்போது என் வயதுக்காரர்களுக்குச் சலிப்புத்தான் வருகிறது. யார் எங்கே இருக்கிறார் என்று கண் தேடுவதை நிறுத்திவிடுகிறது. பெரியவர்களுக்குப் பிடித்த படம் என்று நீங்கள் சொல்வதில் பாதிப் படத்தைத்தான் அவர்களுக்குப் பிடித்திருக்கும். அந்தப் பாதிக்காகப் போடலாம் என்றால் எனக்குத் தடையில்லை.

மாலைக்காட்சி

அனைவருக்கும் நன்றி. முன்பாடம் என்ற வாதம் எங்கள் கூட்டத்துக்கு நூற்றுக்கு நூறு பொருந்துகிறது. இரண்டு தகவல்களைச் சேர்க்கிறேன். எங்களிடம் 3டி வசதி இல்லை. பத்தடி அகலத் திரையும் ஒரு சாதாரண ப்ரொஜெக்டரும்தான். கூடத்தில் எதிரொலி உண்டு. 'அவதார்', 'கிராவிட்டி' இரண்டோடு, 'இன்டர்ஸ்டெல்லர்' படத்தையும் சிலர் சொல்கிறார்கள். 2025 பிப்ரவரியில் அது இந்தியாவில் மறுபடி வெளியானபோது சில உறுப்பினர்களை அவர்களுடைய மகன்கள் அழைத்துப் போயிருக்கிறார்கள். புதிய 'டியூன்' படங்கள் எப்படி?

குவிமையம்

திரையரங்கில் ப்ரொஜெக்ஷன் வேலை பார்ப்பவன் என்ற முறையில் உங்கள் கூடத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

3டி இல்லை என்று வருந்த வேண்டாம். 3டி கண்ணாடி திரையிலிருந்து வரும் ஒளியில் பெரும்பகுதியை விழுங்கிவிடும், படம் மங்கும். ஏற்கெனவே மூக்குக் கண்ணாடி அணிந்தவர்கள் அதன்மேல் இன்னொன்றை மாட்டிக்கொண்டு மூன்று மணி நேரம் உட்காருவது சிரமம். ஒரு கண்ணில் பார்வை குறைவாக உள்ளவர்களுக்கும் மாறுகண் உள்ளவர்களுக்கும் ஆழம் தெரியவே தெரியாது, தலைவலிதான் மிச்சம். அரங்கில் 'அவதார்' பார்த்துவிட்டுப் பெரியவர்கள் சொன்ன குறைகளில் பாதி படத்தின் மேல் அல்ல, கண்ணாடியின் மேல்தான். ஆனால் கண்ணாடி இல்லாமல், பத்தடித் திரையில் பார்க்கும்போது அந்தப் படத்தின் மூலதனமே போனது போலத்தான். அப்போது எஞ்சுவது பின்வரிசை ஐயா சொன்ன அந்தக் கதை.

'கிராவிட்டி' சிறு திரையிலும் தாங்கும், ஏனென்றால் பெரும்பாலான நேரம் ஒரு முகம் திரையை நிறைக்கிறது. அறையை முழுதாக இருட்டாக்குங்கள். ஜன்னலில் துணி கட்டினால்கூடப் போதாது, கறுப்புத் தாள் ஒட்டுங்கள். அந்தப் படத்தில் பெரும்பகுதி கறுப்பு, வெளிச்சம் கசிந்தால் சாம்பல் நிறமாகிவிடும். 'இன்டர்ஸ்டெல்லர்' என்றால் எதிரொலிக் கூடத்தில் வசனம் கேட்காது. வெளியான காலத்திலேயே இசை வசனத்தை மூழ்கடிக்கிறது என்று பலர் புகார் செய்த படம் அது. கட்டாயம் வசன வரிகளைப் போட்டுவிடுங்கள்.

வீட்டு உபயோகத்துக்கு வாங்கிய வட்டையோ இணையச் சந்தாவையோ கொண்டு பொதுக்கூடத்தில் திரையிட உரிமம் கிடையாது. தனியாக அனுமதி பெற வேண்டும். அதை முதலில் முடித்துவிட்டுத் தேதியை அறிவியுங்கள்.

வெட்டும் ஒட்டும்

'டியூன்' இப்போது வேண்டாம். தெனி வில்நெவ் அதை 2021, 2024 என்று இரண்டாகப் பிரித்து எடுத்து, நாயகன் பாலைவனக் கிரகத்தைப் பற்றிப் பாடம் கேட்பதைக் காட்டி நமக்கும் பாடத்தைச் சுலபமாக்கியிருக்கிறார். 1984-இன் தாளோடு ஒப்பிட்டால் பெரிய முன்னேற்றம். இருந்தாலும் முதல் பாகம் பாதிக் கதையில் நிற்கிறது. அதற்குப்பின் தேநீரோடு என்ன பேசுவீர்கள்?

என் பரிந்துரை 'இன்டர்ஸ்டெல்லர்'. குவிமையம் சொன்ன ஒலிப் பிரச்சினையை ஏற்கிறேன். நீளம் 169 நிமிடங்கள் என்பதும் தெரியும். ஆனால் அது பிள்ளைகளைப் பூமியில் விட்டுவிட்டு விண்வெளிக்குப் போகும் ஒரு தந்தையின் கதை, உங்கள் கூட்டத்தில் வெளிநாட்டில் பிள்ளைகள் இருப்பவர்கள் நிச்சயம் இருப்பார்கள். தண்ணீர் நிறைந்த ஒரு கிரகத்தில் ஒரு மணி நேரம் என்பது பூமியில் ஏழு ஆண்டுகள். நாயகன் அங்கே போய் அவசரமாகத் திரும்புவதற்குள் விண்கலத்தில் இருபத்து மூன்று ஆண்டுச் செய்திகள் சேர்ந்திருக்கின்றன. அவர் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்க்கிறார். சிறுவனாக விட்டுவந்த மகன் வளர்கிறான், திருமணம் செய்கிறான், குழந்தையைத் தூக்கிக் காட்டுகிறான், பிறகு ஒரு நாள் இனி அனுப்ப மாட்டேன் என்கிறான். அதுவரை ஒரு சொல்கூட அனுப்பாத மகள் அப்போது திரையில் தோன்றி, நீங்கள் புறப்பட்டபோது உங்களுக்கு இருந்த வயது இன்று எனக்கு என்கிறாள். காலம் வளைவதற்கான இயற்பியலை நோபல் பரிசு பெற்ற கிப் தோர்ன் சரிபார்த்துக் கொடுத்தார் என்பது பிள்ளைகளுக்குச் சுவையான செய்தி. வீடியோ அழைப்பில் பேரனின் பிறந்தநாளைப் பார்ப்பவருக்கு அந்த இயற்பியலை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பின்வரிசை

இதை ஏற்கிறேன், ஒரு நிபந்தனையோடு. கடைசியில் நாயகன் கருந்துளைக்குள் விழுந்து புத்தக அலமாரிக்குப் பின்னால் மிதக்கும் பகுதியில் கூடத்தில் பாதிப் பேர் திரும்பிப் பக்கத்து இருக்கையைப் பார்ப்பார்கள். அப்போது யாரும் எழுந்து நின்று ஐந்தாவது பரிமாணத்தைப் பற்றி விளக்கவுரை ஆற்றக் கூடாது. அப்பா மகளுக்குச் சேதி சொல்லப் பார்க்கிறார் என்பது அவர்களுக்கே புரிந்துவிடும்.

மாலைக்காட்சி

செயற்குழு 'இன்டர்ஸ்டெல்லர்' படத்துக்கு ஒப்புக்கொண்டது. 'கிராவிட்டி' அதற்கடுத்த மாதம். 'அவதார்' படத்தைக் கோடை விடுமுறையில் பேரப்பிள்ளைகளோடு சேர்த்துப் போடுவதென்றும், பெரியவர்கள் விரும்பினால் உட்காரலாம் என்றும் முடிவாகியிருக்கிறது. அனுமதிக்கு விண்ணப்பித்துவிட்டோம். கடைசியாக ஒன்று: எங்கள் வழக்கப்படி தேநீர் இடைவேளை விட்டே ஆக வேண்டும். எங்கே நிறுத்துவது?

வெட்டும் ஒட்டும்

கடிகாரத்தைப் பார்த்துச் சரிபாதியில் நிறுத்தினால், அந்தச் செய்திகளைப் பார்க்கும் காட்சியை ஒட்டியோ அதன் நடுவிலோ விளக்கு எரிந்துவிடும். அப்படிச் செய்யாதீர்கள். மகள் பேசி முடித்து, திரை அணைந்து, காட்சி பூமியில் இருக்கும் மகளுக்கு மாறும். அந்தக் காட்சியும் முடிந்த பிறகு நிறுத்துங்கள். தேநீர் சற்று ஆறிப்போனால் பரவாயில்லை.